அரைச் சாண் தள்ளி

சரஸ்வதி பூசையன்று துப்பாக்கிக்குச் சந்தனம் பூசியது வேலுமணிதான். அதைப் பார்த்து அவன் பெண்டாட்டி கண்ணாத்தாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. பாவம், அவளுக்கு அப்போது வேறென்ன தெரியும்!

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து வேலுமணி அந்த நாட்டுத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மாமனார் சின்னுசாமி தொடவிட்டதில்லை. "லைசென்சு இருக்கறவன்தான் தொடோணும்" என்று சட்டம் பேசுவார். வீட்டோடு மாப்பிள்ளைக்கு இந்த மாதிரி இடங்களில் சுருக்கென்று தைக்கும். வேலுமணி சிரித்து மழுப்பிவிட்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறிவிடுவான். அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. கை சும்மா இருக்காத மனுசன். நன்றாக ஓடுகிற சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி நிறுத்திவிட்டு, "உள்ள எத்தன தூசி பாரு" என்று பெருமையாகக் காட்டுகிறவன்.

சின்னுசாமி போன மாசியில் இறந்துபோனார். காட்டுப்பன்றியை விரட்ட அவர் வாங்கி வைத்திருந்த லைசென்ஸ், ஒரே மகளான கண்ணாத்தாள் பேருக்கு மாறியது. இந்த வருஷப் பூசைக்குக் கலப்பை, அரிவாள், மோட்டார் ரூம் ஸ்பேனர் எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் எடுத்து வைத்தபோது, வேலுமணி தானாகவே கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தான். குழல் நெடுகப் பூசினான். குறி பார்ப்பதற்காகக் குழல் நுனியில் நிற்கும் பித்தளை முள்ளின்மேல் மட்டும் கொஞ்சம் கனமாகவே அப்பி, குங்குமம் வைத்தான். பூசையில் வைத்ததை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கண்ணாத்தாளும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத்தான் அவள் ஊர் பார்க்கச் சுட வேண்டும்.

மற்ற ஊர்களில் விஜயதசமிக்குச் சாமி வேட்டைக்குப் போய் வாழைமரத்தில் அம்பு போட்டுவிட்டு வந்துவிடும். பரமத்தி வேலூருக்கு மேற்கே இருக்கும் கரட்டுப்புதூரில் அம்புக்குப் பதில் குண்டு. எந்தப் பாட்டன் எப்போது இப்படி மாற்றினானோ, கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கரட்டம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. அதன்மேல் நின்று, எதிரே கரடு என்கிற மொட்டைக் குன்றின் அடியில் நட்டிருக்கும் வாழையைச் சுட வேண்டும். ஒரே குண்டு. மரத்தின் நடுவில் வைத்திருக்கும் குங்குமப் பொட்டில் நுழைந்து மறுபக்கம் வெளியே போக வேண்டும். இரண்டு பக்கமும் வாழைத்தண்ணீர் வடிந்தால் அந்த வருஷம் கிணறு வற்றாது என்று ஊரின் நம்பிக்கை. சுடும் உரிமை பாட்டன் காலத்திலிருந்து சின்னுசாமி வீட்டுக்கு.

உரிமை சும்மா வராது. சுடுகிறவர் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது முதல் குண்டு பாய்கிறவரை வாய் திறக்கக்கூடாது. அது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் பயங்கரமானது. சுடுகிறவரின் துணை, வாழைமரத்துக்கு வலது பக்கத்தில் மரத்தோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். சுடுகிறவர் கையில் வீட்டுக்கே நம்பிக்கை இல்லையென்றால் அம்மனுக்கு எப்படி நம்பிக்கை வரும் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். சின்னுசாமி சுட்ட காலமெல்லாம் அவர் மனைவி பாப்பாயி அப்படித்தான் நின்றாள். ஒரு வருஷம்கூட அவள் கண்ணை மூடியதில்லை என்பது அந்த வீட்டின் பெருமை. குறி தவறினாலோ, பேச்சு வந்தாலோ, துணை விலகினாலோ உரிமை கைமாறிவிடும்.

கைமாறினால் யாருக்குப் போகும்? கண்ணாத்தாளின் சித்தப்பா மகன் சின்னண்ணனுக்குப் போகும். அவளைவிட மூத்தவன். அவனிடமும் துப்பாக்கி உண்டு, லைசென்ஸ் உண்டு, வாயும் உண்டு. ஆடியில் கோயில் வாசலில் ஊர் கூடியபோது அவன் எழுந்து நின்று சொன்னான்:

"பொம்பளையாளு குறி வெச்சுச் சுட்டுப்போடுவா. அதப்பத்தி நான் ஒண்ணும் சொல்லுல. காத்தால இருந்து பொழுது சாயற மட்டும் வாய மூடிக்கிட்டு இருப்பாளா? அத மட்டும் சொல்லுங்க."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. வேலுமணியும் வாயோரத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டான். கண்ணாத்தாளுக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது.

ஊர்ப்பெரியவர் செல்லமுத்துதான் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "லைசென்சு அம்மிணி பேர்ல இருக்குது. உரிமையும் அம்மிணிக்குத்தான். மொற தவறுனா வர்ற வருசத்துல இருந்து சின்னண்ணன் ஊட்டுக்கு. என்ன அம்மிணி, சம்மதந்தானா?"

"சம்மதமுங்க" என்றாள் கண்ணாத்தாள். அவளுக்கு அந்த உரிமை வேண்டும். அப்பாவின் நிலம் அவளுக்கு வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் இடத்தில் அவள் நிற்கப்போகிறாள் என்றதும்தான் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை வாயோடு அடைக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

ஒரு ரகசியம் இருந்தது. அந்தத் துப்பாக்கி நேராகச் சுடாது.

சின்னுசாமி ஒரு தடவை துப்பாக்கியோடு கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். அவருக்கு முட்டி பெயர்ந்தது, குழலுக்கு எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோணல் விழுந்தது. அன்றிலிருந்து பலகைக்கல் தூரத்துக்குக் குண்டு இடது பக்கம் அரைச் சாண் ஒதுங்கிப் போகும். மனுசன் வெளியே மூச்சு விடவில்லை. பொட்டுக்கு வலது பக்கம் அரைச் சாண் தள்ளிக் குறி வைத்து, குண்டைப் பொட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். படுக்கையில் விழுந்த பிறகுதான் மகளிடம் சொன்னார். கண்ணாத்தாள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. பட்டறையில் நாலு பேர் கூடி டீ குடித்தால் வேலுமணி வாயில் எதுவும் தங்காது. சின்னண்ணன் காதுக்குப் போனால் கோணல் துப்பாக்கி என்று ஊரெல்லாம் தமுக்கடிப்பான். அதனால் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்ததும் வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கிற கேப்பும் வாங்கச் சேலத்துக்குப் போனவள், துப்பாக்கிக் கடைக்காரரிடம் பேச்சோடு பேச்சாக, முள்ளைச் சரி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"குண்டு எந்தப் பக்கம் ஓடுது?"

"பீச்சாங்கைப் பக்கமுங்க."

"அப்ப முள்ளை எந்தப் பக்கம் தள்ளணும்? சொல்லுங்க பார்ப்போம்."

"சோத்தாங்கைப் பக்கம்."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. குண்டு எந்தப் பக்கம் ஓடுதோ, நுனி முள்ளையும் அதே பக்கம்தான் தள்ளணும். அப்பத்தான் நீங்க முள்ளை நேருக்குக் கொண்டுவரும்போது குழல் எதிர்ப்பக்கம் திரும்பும். மாத்தித் தள்ளினீங்கன்னா கோணல் ரெண்டு பங்காயிடும்." மேசைமேல் ஒரு பென்சிலை வைத்து, அதன் நுனியில் ஒரு கடுகை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். பஸ் ராசிபுரம் தாண்டுகிறவரைக்கும் கண்ணாத்தாள் தன் விரலை நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைசியில், அப்பா போன வழியே போதும், முள்ளைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

அந்த வாரமே தோட்டத்து வரப்பில் பட்டை உரிக்காத ஒரு வாழைத்தண்டைச் சாத்தி வைத்து, மஞ்சளில் பொட்டு வைத்து, வேண்டுமென்றே நேராகக் குறி வைத்து ஒரு குண்டு சுட்டாள். குண்டு அரைச் சாண் இடது பக்கம் ஒதுங்கி, தண்டின் ஓரத்தைச் சிராய்த்துக்கொண்டு போனது. அப்பா சொன்ன கணக்கு அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பினாள். சைக்கிளைப் பிடித்தபடி வேலுமணி நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. பெண்டாட்டி நேராகத்தான் குறி வைத்தாள், குண்டுதான் ஓரமாகப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டான்.

"பரவால்ல புள்ள. இன்னும் நாள் கெடக்குது" என்றான்.

அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கோயில் விசேஷம் என்று அவள் இரண்டு நாள் போய்விட்டு வந்தாள். மரவள்ளிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று வேலுமணி வீட்டிலேயே தங்கிவிட்டான்.

விஜயதசமியன்று காலையில் தலைக்கு ஊற்றியவுடன் கண்ணாத்தாளின் வாய் அடைந்தது. சாயங்காலம் மேளத்தோடு கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து வேலுமணியே பேசினான். மேலுக்குச் சட்டையில்லை. மார்பு நிறையச் சந்தனம் பூசியிருந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு தெம்பாக இருந்ததில்லை.

"முள்ளப் பாத்து நேரா அடி புள்ள. ஒண்ணும் ரோசன பண்ணாத. நேரா, பொட்டப் பாத்து. அவ்வளவுதான்" என்று மூன்று நாலு தடவை சொன்னான். தைரியம் சொல்கிறான் என்று நினைத்து அவள் தலையாட்டினாள்.

மறுபூசை முடிந்து பூசாரி துப்பாக்கியை மாலையோடு எடுத்துக் கொடுத்தார். ஜனம் முழுக்க அவளுக்குப் பின்னால் நின்றது. கண்ணாத்தாள் பலகைக்கல்மேல் ஏறினாள். மருந்தைக் கொட்டி, துணி வைத்து, குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டித்தாள். கேப்பை மாட்டினாள். எதிரே வாழைமரத்தோடு வலது தோளை ஒட்டிக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு வேலுமணி நின்றான். அவனுக்குப் பின்னால் கரடு.

பம்பை முழங்க ஆரம்பித்தது. பம்பை நிற்கும்வரை குறி பார்க்கலாம். நின்றதும் சுட்டுவிட வேண்டும்.

முள்ளை மூடிக்கொண்டிருந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே பித்தளை பளிச்சென்று மின்னியது. பித்தளை எதற்கு மின்ன வேண்டும்? அப்பா காலத்திலிருந்து அது கருத்துக் கிடந்த முள். அவள் துப்பாக்கியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். முள்ளின் இடது கன்னத்தில் சுத்தியல் பட்ட ஒரு சின்னக் காயம். முள் உட்கார்ந்திருக்கும் காடிப் பள்ளத்தில் இடது பக்கம், அதுவரை மூடியிருந்த இரும்பு ஒரு நெல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் அந்த வெள்ளையின்மேல் நகத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

யார் செய்த வேலை என்று யோசிக்கவே தேவையில்லை. கடிகாரத்தைக் கழற்றிய அதே கை. குண்டு இடது பக்கம் போனதைப் பார்த்திருக்கிறான். முள்ளை வலது பக்கம் தள்ளியிருக்கிறான். அவளும் கடையில் அப்படித்தானே சொன்னாள்! சத்தம் கேட்கும் என்பதால் சுட்டுப் பார்த்திருக்கவும் மாட்டான். 'நேரா அடி, நேரா அடி' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான். பெண்டாட்டி ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாகச் செய்திருக்கிறான். அந்த ஆசையை நினைத்தபோது அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

அரைச் சாண் ஓடிக்கொண்டிருந்த குண்டு இனி ஒரு சாண் ஓடும். நேராகச் சுட்டால் மரத்தையே தொடாது. அப்பாவின் கணக்கில் சுட்டால் இடது ஓரத்தைச் சிராய்க்கும். பொட்டில் விழ வேண்டுமென்றால் வலது பக்கம் முழுதாக ஒரு சாண் தள்ளிக் குறி வைக்க வேண்டும்.

வலது பக்கம் ஒரு சாணில் என்ன இருக்கிறது? வேலுமணி இருக்கிறான்.

பம்பை வேகமெடுத்தது. கண்ணாத்தாள் துப்பாக்கியை இறக்காமலே இடது கையால் அவனை விலகச் சொல்லி ஜாடை காட்டினாள். அவள் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் அந்த மகராசன். பயப்படாதே என்று கையமர்த்தினான். தோளை இன்னும் நன்றாக மரத்தோடு ஒட்டி நின்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பின்னாலிருந்து சின்னண்ணன், "என்ன, ஆட்டம் கண்டிருச்சா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

துப்பாக்கியைக் கன்னத்தில் சாத்தினாள். முள்ளைப் பொட்டின்மேல் கொண்டுவந்தாள். அங்கிருந்து மெதுவாக வலது பக்கம் நகர்த்தினாள். மரத்தின் ஓரம் வந்தது. அதைத் தாண்டினாள். வேலுமணியின் தோள் வந்தது. இன்னும் தள்ளினாள். முள் அவன் வலது மார்புச் சந்தனத்தின்மேல் போய் நின்றது.

கணக்கு சரிதான். காயம் இடது கன்னத்தில் இருக்கிறது. இடது பக்கமிருந்து அடித்தால் முள் வலது பக்கம்தான் போகும். வெள்ளை இரும்பும் அதையே சொல்கிறது. கடைக்காரரின் பென்சிலும் அதையே சொல்கிறது. இங்கே குறி வைத்து விசையை இழுத்தால் குண்டு பொட்டில்தான் விழும். யாருக்கும் எதுவும் தெரியாது. உரிமை அவளுக்கு. சின்னண்ணன் வாய்க்குப் பூட்டு. புத்தி முழுக்க அதைச் சொன்னது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நெல்லளவு அவள் தப்பாகப் பார்த்திருந்தால்? அவன் முதலில் ஒரு பக்கம் அடித்து, பிறகு மறுபக்கமும் அடித்திருந்தால்? முள்ளுக்குப் பின்னால் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றும் தெரியாமல், கண்ணைக்கூட மூடாமல், பாப்பாயியைப்போலவே நிற்கிறான்.

பம்பை நின்றது.

விசையின்மேல் இருந்த விரல் அசையவில்லை. கரட்டில் ஒரு மயில் கத்தி ஓய்ந்தது.

"நவுருங்க!"

அது தன் குரல் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "மாமா, நவுருங்க! அக்கட்டால போங்க!"

வேலுமணி திகைத்துப்போய் மரத்தை விட்டு நாலு எட்டு விலகினான். அவன் நின்ற இடம் காலியானது. கண்ணாத்தாள் முள்ளை அங்கிருந்து எடுக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்தே விசையை இழுத்தாள். துப்பாக்கிக் குதிரை கேப்பின்மேல் அடித்தது. கரும்புகை எழுந்து அவளை மூடிக்கொண்டது.

புகை கலைந்தபோது குங்குமப் பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. நடுவோ நடு. முன்னாலும் பின்னாலும் வாழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

யாரும் குலவையிடவில்லை. செல்லமுத்து மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கே முகம் வாடியிருந்தது.

"குறியில ஒரு கொறையும் இல்ல. ஆனா என்ன அம்மிணி, பேசிப்போட்டியே. தொணையும் வெலகியாச்சு. மொறைன்னா மொறதான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்ற வருசம் சின்னண்ணன் சுடட்டும்" என்றார்.

சின்னண்ணன் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "குறி என்னமோ குறிதான். நான் ஆடியிலயே சொன்னனே, குறியில ஒண்ணும் இல்ல, வாயிலதான்னு" என்றான். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆடியில் சிரித்த அதே சிரிப்பைத் திரும்பவும் சிரித்தார்கள். கண்ணாத்தாள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கல்லை விட்டு இறங்கி நடந்தாள். அழக்கூடாது, இவர்களுக்கு முன்னால் அழவே கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

தோட்டத்துப் பாதைக்கு வந்ததும் வேலுமணி பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கோபத்தில் வார்த்தை முந்திக்கொண்டு வந்தது.

"கடைசி நொடியில எதுக்குப் புள்ள பயந்து கத்துன? எம்மேல பட்டுருமுன்னா? உனக்குத் தெரியாது, நான் சொல்றேன் கேளு. நீ ஆட்டையாம்பட்டிக்குப் போனப்ப அந்த முள்ளத் தட்டி நேராக்கி வெச்சவனே நான்தான். கோணத் துப்பாக்கி. உங்கப்பன் எப்படித்தான் சுட்டாரோ! நான் சரி பண்ணுனதுனாலதான் இன்னிக்குப் பொட்டுல பாஞ்சுது. பாத்தீல்ல, நடுவுல! அத்தன பண்ணிக் குடுத்தும், கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு நிக்க முடியலையா உன்னால? சின்னண்ணன் சொன்னது சரியாப் போச்சு."

கடைசி வார்த்தைதான் அவளைத் தைத்தது. அவள் நின்றாள். திரும்பி அவனைப் பார்த்தாள். வீட்டுப் பாதையை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினாள்.

வரப்பில் சாத்தி வைத்த பழைய வாழைத்தண்டு காய்ந்துபோய் அங்கேயே நின்றது. மஞ்சள் பொட்டு மங்கலாகத் தெரிந்தது. கண்ணாத்தாள் மோட்டார் ரூமிலிருந்து ஓர் உர மூட்டையை இழுத்து வந்து, பலகைக்கல் தூரத்தில் போட்டாள். துப்பாக்கியைக் கெட்டித்தாள். மூட்டைமேல் அசையாமல் படுக்க வைத்து, முள்ளைப் பொட்டுக்கு நேர் கொண்டுவந்தாள்.

"வந்து பாருங்க. தொட வேண்டாம். கண்ண மட்டும் வையுங்க."

"என்னத்துக்கு இப்ப?"

"முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவன் முனகிக்கொண்டே குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "பொட்டு மேலதான் நிக்குது. நேரா. நான்தான் சொன்னனே, நேராக்கி வெச்சிருக்குதுன்னு."

"நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"அட, நேராத்தான் புள்ள இருக்குது!"

கண்ணாத்தாள் மூட்டையோடு துப்பாக்கியை அழுத்திப் பிடித்து விசையை இழுத்தாள்.

வாழைத்தண்டு அப்படியே நின்றது. அதற்கு இடது பக்கம் வரப்பு மண் தெறித்தது.

வேலுமணி முதலில் துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "காத்து அடிச்சிருக்கும்" என்றான். தென்னை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை. அவன் எழுந்து வரப்புக்கு நடந்தான். மண்ணில் குண்டு புகுந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, பொட்டின் நேரில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தான். சுண்டுவிரல் சரியாக ஓட்டைக்குள் போய் நின்றது. ஒரு சாண்.

அப்படியே குந்தியிருந்தான். பட்டறைக்காரன், சாண் கணக்கு அவனுக்குத் தெரியாததல்ல. இப்போது நேராகச் சுட்டால் இங்கே வருகிறது. கோயிலில் பொட்டில் விழுந்தது. அப்படியென்றால் கோயிலில் அவள் நேராகக் குறி வைக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு சாண் ஓடுகிற குண்டு நடுவில் விழ வேண்டுமென்றால், அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி...

எழுந்தான். எழுந்தவன், தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, கோயிலில் நின்றதுபோலவே தண்டின் பக்கத்தில் வலது தோளை ஒட்டி நின்றான். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, மஞ்சள் பொட்டில் சுண்டுவிரலை வைத்துச் சாணை விரித்தான். கட்டைவிரல் அவன் வலது மார்பில் போய் முட்டியது. அங்கே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. விரல் பட்டதும் கொஞ்சம் உதிர்ந்து கீழே விழுந்தது.

விரித்த கையை எடுக்காமல் அவன் அவளைப் பார்த்தான்.

"இங்கயா பாத்துட்டு நின்ன?"

"ஆமா."

"பம்பை நின்னப்பறமும்?"

"ஆமா."

"அப்ப... அந்த அரைச்சாண் உங்கப்பனுக்குத் தெரியுமா? உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்களும் சொல்லல."

வேலுமணி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டான். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. சின்னண்ணனுக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள்போலிருக்கிறது.

கண்ணாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள். மருந்துக் கரியை வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் விட்டால் விடிவதற்குள் குழல் துருப்பிடித்துவிடும்.

"வாங்க. வெந்நி வெக்கோணும்" என்று நடந்தாள்.

அவன் பின்னாலேயே வந்தான். மோட்டார் ரூம் தாண்டியதும் வேகமாக எட்டு வைத்து அவளை முந்தினான்.

"நான் வெக்கறேன்" என்றான். வீடு வந்து சேரும்வரை அவன் கை வலது மார்பை விட்டு இறங்கவே இல்லை.